மூன்று கால் முயல்

டச்சுக் குடாக் கரையில் பின்னேரம் நாலரைக்கு
பலூன் பலகையை மணலில் நட்டுவிட்டுத்
துவக்கைத் துடைக்கிறேன்.
எயார் றைபிள்.
குழலடியில் ஓடுகிற முயல் முத்திரை,
அதன்கீழ் பர்மிங்ஹாம்.
உப்புக்காற்று ஒரு காலைத் தின்றுவிட்டது.
பழமொழி சொல்லிச் சிரிக்கிறவர்களுக்கு
ஒரு குண்டு குறைத்துத்தான் கொடுப்பேன்.

நேவிக்காரன் ஒருவன் கப்பலேறும்போது
விற்றுவிட்டுப் போனது.
மாமனார் வாங்கியது, அறுபது ரூபா.
எண்பத்தைந்தில் திருகோணமலைப் பொலிசில் ஒப்படைத்தோம்.
இருபத்தைந்து வருஷம் கழித்துத்
துண்டைக் காட்டித் திருப்பி எடுத்தேன்.
துண்டில் என் பெயர் பிழை,
துவக்கின் இலக்கம் சரி.

போன மாசியில் ஸ்பிரிங் உடைந்தது.
சுட்டால் குண்டு
குழல்வாயில் உருண்டு காலடியில் விழும்,
குழந்தை பல்லைத் துப்பியது மாதிரி.
கிண்ணியா றபீக்தீன் நானா கழற்றிப் பார்த்தார்.
"இதுக்கு இங்கிலீசு ஸ்பிரிங்தான் வேணும் தங்கச்சி,
வேறெதுவும் நிக்காது."
அவர் பிடித்த முயலுக்கும் மூன்றே கால்.

பர்மிங்ஹாமில் அக்காவின் மகன் நிரோஜன் இருக்கிறான்.
முயலைப் படமெடுத்து அனுப்பினேன்.
இரவு வேலைக்கு நடுவில் வீடியோவில் வந்தான்.
"சின்னம்மா, அந்தப் பக்டறி
இப்ப நான் நிக்கிற இடந்தான்."
போனைச் சுற்றிக் காட்டினான்:
சிவப்புக் கல் சுவர், உயரத்தில் பழைய ஜன்னல்கள்,
கீழே கூரைமுட்டப் பெட்டிகள்.
லேத் மெசின்களைப் பூட்டியிருந்த துளைகளைச்
சீமெந்தால் அடைத்திருக்கிறார்கள்.
அவன் தள்ளுவண்டி அவற்றில் தட்டித் தட்டிப் போகிறது.
"இஞ்ச ஒண்டும் செய்யிறேல்ல.
வாறதை இறக்கி, போறதை ஏத்துறம்."
முதலில் கட்டையை வெளிநாட்டில் செதுக்கக் கொடுத்தார்களாம்,
பிறகு குழலை, பிறகு பூட்டுகிற வேலையை.
கடைசியாக விற்றது பெயரையும் முயலையும்.
அவனோடு நிற்கிற டெரெக் என்ற வெள்ளைக்காரர்
அதே கூரையின்கீழ் முப்பத்தொரு வருஷம்
ஸ்பிரிங் சுற்றினவர்.
இப்போது பெட்டிக்கு டேப் சுற்றுகிறார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு நின்றுவிட்டது.
நேவி போனபோது டொக்யாட்டில்
மாமனாருக்கு வேலை போனது;
ஒரு கிழமைச் சம்பளம் கூடக் கொடுத்தார்களாம்.
டெரெக்குக்கு எத்தனை கிழமை என்று கேட்டேன்.
கேட்டுச் சொல்கிறேன் என்றான் நிரோஜன்.
இன்னும் கேட்கவில்லை.

ஸ்பிரிங் அவன் அலமாரியிலேயே இருந்ததாம்.
கிழக்கே ஏதோ துறைமுகத்தில் கொள்கலனுக்குள் ஏறி,
தேவேந்திரமுனைக்குத் தெற்கே எங்களைத் தாண்டிப் போய்,
சுயஸ் கடந்து, நிரோஜன் கையில் இறங்கி,
அவன் என் விலாசம் எழுத
பிளேனில் திரும்பி வந்தது.
பிளாஸ்ரிக் உறையில் முயல்,
நாலு காலும் இருக்கிறது.
அதன்கீழ்ச் சின்ன எழுத்துக்கு மேல்
கொழும்புச் சுங்கம் ஒரு துண்டு ஒட்டியிருந்தது.
நானா நகத்தால் சுரண்டினார்.
'மேட் இன்' மட்டும் மிஞ்சியது;
நாடு கிழிந்து
அவர் நகத்தோடு போயிற்று.
"இங்கிலாந்துதான்" என்றார்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

பூட்டினோம்.
மடக்கப் பழையதைவிடக் கடினம்.
நாலு விரல் இடப்பக்கம் விலகிச் சுடுகிறது.
ஐந்து குண்டு நூறு ரூபா.
கோட்டை மான்கள் இரண்டு பலகைக்குப் பின்னால் வந்து
வெடித்த பலூன் தோலை முகர்ந்து பார்க்கின்றன.
விரட்டிவிட்டு வருகிறேன்.

குறி தப்புகிற ஆட்களுக்கு நான் சொல்வதில்லை.
இரண்டாம் முறையும் காசு நீட்டுகிற பிள்ளைக்கு மட்டும்
காதருகே குனிந்து:
மஞ்சள் வேணுமெண்டால்
வலப்பக்கப் பச்சைக்குக் குறி வை.